கொட்டியாரக் குடாவின் இரு கரைகள்: சிறுபத்திரிகை இயக்கத்தின் எழுத்தாளரும் அவர்தம் எச்சமும்

திருக்கோணமலைத் துறைமுகத்தை அடுத்து விரிந்து கிடக்கும் கொட்டியாரக் குடாவின் தென்கரையில் மூதூரும், அதற்கும் தெற்கே மட்டக்களப்பு நெடுஞ்சாலையில் வயல்களின் நடுவே கிளிவெட்டியும் அமைந்துள்ளன. குடாவின் வடபுறத்தே நகரம். கிளிவெட்டியார் நகரத்துக்குச் செல்வதாயின் நெடுங்காலமாக மூதூர் இறங்குதுறையில் லோஞ்சு ஏறிக் கடலைக் கடந்தனர். அல்லது இறால்குழி, கங்கை, உப்பாறு, கிண்ணியா எனப் பாதைகளில் ஏறியும் இறங்கியும் நீர்நிலைகளைத் தாண்டினர். அல்லது கந்தளாய் வழியாகச் சுற்றிச் சென்றனர். கிண்ணியாப் பாலம் 2009இலும் ஏனைய பாலங்கள் 2011 அளவிலும் திறக்கப்பட்ட பின்னரே இந்நிலை மாறியது. ஓர் இலக்கிய இயக்கத்தைப் பற்றிய கட்டுரையைப் பாலமும் பாதையும் பற்றிய செய்திகளோடு நாம் தொடங்குவதற்குக் காரணம் உண்டு.

இலக்கிய வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் நகரத்திலே நின்றுகொண்டு எழுதுகின்றனர். சஞ்சிகை எங்கே அச்சாயிற்று, அதன் ஆசிரியர் யார், அவர் எந்த அணியைச் சார்ந்தவர் என்பன விரிவாக ஆராயப்படுகின்றன. அச்சான தாள் எவ்வழியாக யார் கைக்குச் சென்றது, அதற்கு யார் விலை கொடுத்தார் என்ற வினாக்கள் அருகியே எழுப்பப்படுகின்றன. கிளிவெட்டி போன்றதோர் ஊரிலே நின்று நோக்குவோர்க்கு இவ்வினாக்களே முதலில் எழும். ஏனெனில் அங்கே எந்த இலக்கியமும் தபாற்பையிலோ பயணப்பையிலோ வந்ததாகத்தான் இருக்கமுடியும். தமிழிலே 1950களின் இறுதியில் உருவாகி ஏறத்தாழ முப்பதாண்டுகள் செயற்பட்ட சிறுபத்திரிகை இயக்கத்தை மதிப்பிடுவதற்கும் இவையே முதன்மையான வினாக்கள் என்பது நமது கருத்து. அவ்வியக்கத்தின் மிக உக்கிரமான கவிஞர் இக்குடாவின் வடகரையிலே பிறந்தவர் என்பதும், அவரை ஈழத்து இலக்கிய வரலாறு இன்றுவரை எவ்விடத்தில் வைப்பதென்று துணியாமல் இருப்பதும் இவ்வாய்வுக்குக் கூடுதலான தேவையைத் தருகின்றன.

எதிர்ப்பண்பாட்டு இலக்கியம் எனும்போது இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய அமெரிக்காவின் 'பீற்' தலைமுறையே பலருக்கும் நினைவுக்கு வரும். அலன் கின்ஸ்பேர்க்கின் 'ஹௌல்' 1957இல் ஆபாச வழக்குக்கு உள்ளாகி, வெளியீட்டாளர் விடுதலை பெற்றமை அத்தலைமுறையின் புகழை உலகெங்கும் பரப்பியது. கின்ஸ்பேர்க் 1962-63இல் இந்தியாவில் தங்கியபோது கல்கத்தாவின் 'பசித்த தலைமுறை'க் கவிஞரோடு பழகினார். அக்குழுவினர் மீது 1964இல் வழக்குத் தொடரப்பட்டது. மலய் ராய்சௌத்ரி 1965இல் தண்டிக்கப்பட்டு 1967இல் மேன்முறையீட்டில் விடுதலையானார். தெலுங்கிலே 1965க்கும் 1968க்கும் இடையில் திகம்பர கவிகள் அறுவர் மூன்று தொகுதிகளை வெளியிட்டனர். முதல் தொகுதியை ஹைதராபாத்தில் ரிக்‌ஷா இழுக்கும் தொழிலாளி ஒருவரைக் கொண்டு வெளியிடுவித்தனர். அவர்களுட் பலர் 1970இல் புரட்சி எழுத்தாளர் சங்கத்தில் இணைந்தமை, எதிர்ப்பண்பாட்டிலிருந்து அரசியலுக்குச் செல்லும் வழி அடைபட்டதன்று என்பதற்குச் சான்றாகும்.

தமிழிலே இத்தகைய ஆரவாரம் எதுவும் நிகழவில்லை. நீதிமன்றம் இல்லை, கைவிலங்கு இல்லை, நிர்வாணப் பிரகடனமும் இல்லை. 1941இல் விடுதலைப் போராட்டத்துக்காகச் சிறை சென்ற, வத்தலக்குண்டைச் சேர்ந்த காந்தியவாதி ஒருவர் சென்னைத் திருவல்லிக்கேணியிலிருந்து 1959 ஜனவரியில் மெலிந்த மாத ஏடொன்றை வெளியிட்டார். அவர் சி. சு. செல்லப்பா, ஏடு 'எழுத்து'. மது, போதை, பாலியல் விடுதலை என்னும் மேனாட்டு அடையாளங்களைக் கொண்டு தேடுபவர்க்கு இங்கே எதிர்ப்பண்பாடு எதுவும் தென்படாது. ஆயினும் 'எழுத்து' தன் முதல் இதழ்களிலேயே அறிவித்த நெறியை உற்றுநோக்கின் அதன் கலகத்தன்மை புலப்படும். அது கடைகளில் விற்கப்படாது, சந்தாதாரருக்கே அனுப்பப்படும், இரண்டாயிரம் பிரதிகளுக்கு மேல் அச்சிடப்படாது.

இலட்சக்கணக்கிலே விற்பனையான வார ஏடுகள் தமிழ் வாசகனின் ரசனையை நிர்ணயித்த காலம் அது. விற்பனையைப் பெருக்குவதே பத்திரிகையின் இயல்பான நோக்கம் என்று எல்லோரும் கொண்டிருந்த வேளையில், விற்பனைக்குத் தானே வேலி போட்டுக்கொண்ட செயல் வெறும் அடக்கம் அன்று. இலக்கியம் ஒரு பண்டமாவதை மறுத்த செயல் அது. வங்கத்துக் கவிஞர் ஒழுக்க விதிகளை மீறினர். தமிழ்ச் சிறுபத்திரிகையாளர் சந்தை விதியை மீறினர். இரண்டாவது மீறலுக்கு அரசு தண்டனை தருவதில்லை. தண்டனையை அச்சகக் கடனும், தபாற்செலவும், வீட்டு அடுப்பும் தந்தன.

செல்லப்பா வகுத்த இரண்டாயிரம் என்ற எல்லையை நெருங்கும் வாய்ப்பு 'எழுத்து'க்கு ஒருபோதும் கிட்டவில்லை. ஆயினும் 1970 வரை 119 இதழ்கள் வெளிவந்தன. நட்டத்தை ஈடுசெய்ய அவர் தாமே நூல்களைப் பதிப்பித்து, அவற்றைப் பைகளில் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்றார். 1962இல் அவர் பதிப்பித்த 'புதுக்குரல்கள்' 24 கவிஞரின் 63 கவிதைகளைக் கொண்டது. யாப்பைத் துறந்த தமிழ்க் கவிதைக்கு அதுவே முதலாவது தொகைநூல். முதுமையிலும் அவரது வழி மாறவில்லை. 'சுதந்திர தாகம்' என்னும் பெருநாவலை 1997இல் தம் முயற்சியிலேயே வெளியிட்டு, மறு ஆண்டு காலமானார். அதற்குச் சாகித்திய அக்கடமிப் பரிசு 2001இல் வழங்கப்பட்டது. பரிசுகள் சிறுபத்திரிகையாளரைத் தேடி வரும் வேகம் அத்தகையது.

இங்கு இடைக்குறிப்பாக ஒன்று கூறவேண்டும். இவ்வியக்கத்தின் வறுமை பற்றி எழுதுவோர் அதனை ஆடவர் சிலரின் தியாகமாகவே வருணிப்பர். வருவாய் இல்லாத வீட்டை நடத்தியவர் பெண்கள். அவர்களது உழைப்பும் இழப்பும் எந்தச் சிறுபத்திரிகையின் வரவுசெலவிலும் பதியப்படவில்லை. அவ்வேடுகளின் பக்கங்களிலும் பெண்களின் எழுத்து மிகக் குறைவு. பண்டமயமாதலை இத்துணை நுட்பமாக எதிர்த்தவர்கள் தம் வீட்டுக்குள்ளே நிலவிய உழைப்புப் பிரிவினையைக் காணாது விட்டமை இயக்கத்தின் பெருங்குறை என்றே நாம் கருதுகிறோம்.

'எழுத்து' கடல் கடந்து திருக்கோணமலையை அடைந்தது. அங்கே அதனைப் படித்த இளைஞர் ஒருவர் 1960இல், தமக்கு இருபது வயதளவில், அதில் எழுதத் தொடங்கினார். தருமு சிவராம் என்றும் பின்னாளில் பிரமிள் என்றும் அறியப்பட்ட அவர் 1939 ஏப்ரல் 20ஆம் நாள் பிறந்தவர். ஜப்பானிய விமானங்கள் 1942 ஏப்ரல் 9ஆம் நாள் திருக்கோணமலையைத் தாக்கியபோது அவருக்கு மூன்று வயது நிரம்பவில்லை. பிரித்தானியக் கடற்படை 1957இல் துறைமுகத்தைக் கையளித்து வெளியேறியபோது வயது பதினெட்டு. உலக வல்லரசொன்றின் கப்பல்கள் நங்கூரமிட்டிருந்த ஊரிலே, கோணேசர் மலையின் நிழலிலே, இராமகிருஷ்ண மிஷன் பாடசாலையில் அவர் கல்வி கற்றார். பல்கலைக்கழகப் படிப்பு அவருக்கு வாய்க்கவில்லை. ஆங்கில நூல்களைத் தாமாகவே தேடிப் படித்தார், ஓவியம் தீட்டினார், களிமண்ணில் உருவங்கள் சமைத்தார்.

அவர் பல்கலைக்கழகத்துக்கு வெளியே நின்றார் என்பதைச் சமூகவியல் நோக்கில் அழுத்திக் கூறவேண்டும். 1950களிலும் 60களிலும் ஈழத்துத் தமிழ் விமர்சனம் பேராதனையை நடுவாகக் கொண்டே வளர்ந்தது. பேராசிரியர் க. கைலாசபதியும் பேராசிரியர் கா. சிவத்தம்பியும் அங்கிருந்து புறப்பட்டவர்கள். இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம் 1954இல் தோன்றியபின் கொழும்பும் யாழ்ப்பாணமும் அதன் களங்களாயின. திருக்கோணமலையில் இருந்த, பட்டமும் கட்சியும் இல்லாத ஓர் இளைஞருக்கு இவ்வலையமைப்பில் இடம் எளிதிற் கிடைத்திராது. சந்தா கட்டினால் வீடு தேடி வரும், எழுதி அனுப்பினால் எழுத்தின் தகுதி ஒன்றையே கருதி வெளியிடும் சென்னை ஏடு அவருக்கு அவ்விடத்தைக் கொடுத்தது. சிலருக்காக நடத்தப்படும் ஏடு மேட்டுக்குடி ஏடு என்ற குற்றச்சாட்டை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். சந்தாப் பட்டியல் சிறிதாயிருப்பதனால் அதிலுள்ளோர் மேட்டுக்குடியினர் ஆகிவிடுவதில்லை என்பதற்குச் சிவராமின் வாழ்வே தக்க சான்று. நகரத்துக் கடைக்கு வராத ஏடு தபாலிலே குக்கிராமத்துக்கும் வரக்கூடும்.

ஏறத்தாழப் பத்தாண்டுகள் திருக்கோணமலையில் இருந்தவாறே சென்னை ஏடுகளுக்குக் கவிதையும் விமர்சனமும் எழுதிய பின்னர், 1970களின் தொடக்கத்தில் அவர் தமிழ்நாடு சென்றார். பிறந்த ஊருக்கு வாழத் திரும்பவில்லை. 'கண்ணாடியுள்ளிருந்து' 1972இலும், 'கைப்பிடியளவு கடல்' 1976இலும், 'மேல்நோக்கிய பயணம்' 1980இலும் வெளிவந்தன. மௌனியின் கதைத் தொகுதிக்கு அவர் எழுதிய முன்னுரை, ஒரு புனைகதையாசிரியரின் மொழியை இன்னொரு படைப்பாளி ஊடுருவிப் படித்தமைக்கு இன்றும் எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது. படிமத்தைக் கவிதையின் அணியாகக் கொள்ளாது அதன் சிந்தனை முறையாகவே கொண்டவர் அவர். ஐன்ஸ்டீனின் சமன்பாட்டைத் தலைப்பாகக் கொண்ட அவரது கவிதையில் இயற்பியலும் மனித அழிவும் ஒரே மூச்சில் பேசப்படுகின்றன. அறிவியலைப் பாடுவதென்றால் அறிவியற் சொற்களை எதுகையோடு அடுக்குவதே என்றிருந்த நிலையில் அது பெரும் பாய்ச்சல். போர்க்கப்பல்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இத்தொடர்பு இயல்பாக வாய்த்திருக்கலாம் எனக் கருதத் தோன்றுகிறது. எனினும் கவிதையை வாழ்க்கைக் குறிப்பாகச் சுருக்குவதிலுள்ள ஆபத்தையும் நாம் மறக்கவில்லை.

அவரது வாழ்க்கை முறை முற்போக்கு வாசகர்க்கு எளிதில் உவப்பதன்று. நிலையான தொழில் இல்லை, குடும்பம் இல்லை, நண்பர்களின் உதவியிலே காலம் கழிந்தது. எண்சோதிடத்தில் ஈடுபாடு கொண்டு தம் பெயரை அடிக்கடி மாற்றினார். தரும சிவராமு, தருமு சிவராம், அரூப் சிவராம், பிரமிள் என்றெல்லாம் அவரது எழுத்துக்கள் சிதறிக் கிடப்பதனால் நூற்பட்டியல் தயாரிப்போர் படும் அல்லல் பெரிது. ஜே. கிருஷ்ணமூர்த்தியின் சிந்தனையிலும் யோகி ராம்சுரத்குமார் போன்றோரிடத்திலும் ஈர்ப்புக் கொண்டார். இவற்றைக் கண்டு அவரை ஆன்மீகவாதி என்று ஒதுக்கிவிடுவது எளிது. அவ்வாறு ஒதுக்குவோர், அதே மனிதர் சிறுபத்திரிகை வட்டத்துள்ளே மறைந்திருந்த சாதியுணர்வை வெளிப்படையாகத் தாக்கினார் என்பதையும், 1983 வன்செயல்களின் பின்னணியில் 'ஸ்ரீலங்காவின் தேசியத் தற்கொலை' என்ற அரசியல் நூலை எழுதினார் என்பதையும் கணக்கில் எடுப்பதில்லை. நண்பராயிருந்த வெங்கட் சாமிநாதனையும் சுந்தர ராமசாமியையும் ஞானக்கூத்தனையும் அவர் கடுமையாக எதிர்த்தெழுதினார். சில இடங்களில் விமர்சனம் வசையாகத் தாழ்ந்தது என்பதை மறைப்பதிற் பயனில்லை. ஆனால் தம்மைப் பேணிய வட்டத்துக்கே முகமன் கூற மறுத்த அந்நிலை, இயக்கம் பெரும் பத்திரிகைகளிடம் எதை எதிர்த்ததோ அதனைத் தன்னுள்ளும் எதிர்த்த நிலை என்று கொள்ளுதல் பொருந்தும்.

வேலூரை அடுத்த கரடிக்குடியில் 1997 ஜனவரி 6ஆம் நாள், புற்றுநோயினால் அவர் காலமானார். அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். அவரது ஆக்கங்களைச் சிதறவிடாது தொகுத்துப் பதிப்பிக்கும் பணியைக் கால சுப்ரமணியம் பல்லாண்டுகளாகத் தனியொருவராக மேற்கொண்டு வந்துள்ளார். ஒரு பல்கலைக்கழகத் துறை செய்யவேண்டிய வேலையைச் சிறுபத்திரிகை நட்பு செய்துமுடித்தது.

இவ்வியக்கத்தின் ஏனைய வாழ்வுகளும் பெரிதும் வேறுபட்டவையல்ல. கணித ஆசிரியரான ஜி. நாகராஜன், பரத்தையரும் தரகரும் வாழும் தெருவை நீதிபோதனையின்றி எழுதியவர். 'குறத்தி முடுக்கு' 1963இலும் 'நாளை மற்றுமொரு நாளே' 1974இலும் வெளிவந்தன. 1981இல் மதுரையில், நோயும் வறுமையும் மிகுந்த நிலையில், இறந்தார். மேனாட்டு அளவுகோலாலும் எதிர்ப்பண்பாட்டினர் என்று சொல்லத்தக்கவர் தமிழில் இவர் ஒருவரே எனலாம். 'ழ' என்ற ஏட்டை 1978இல் தொடங்கிய ஆத்மாநாம் 33 வயதில், 1984இல், மறைந்தார். இம்மரணங்களை வைத்துக் கலைஞனின் விதி பற்றிய கற்பனைகளை வளர்ப்பது வழக்கமாகிவிட்டது. நோய்க்கு மருந்தும் உழைப்புக்கு ஊதியமும் இல்லாத நிலையை விதி என்று அழைப்பது ஆய்வாளர்க்கு அழகன்று.

இனி, முற்போக்கு அணியினரோடு இவர்கள் நிகழ்த்திய வாதத்தை நோக்குவோம். கைலாசபதியின் 'தமிழ் நாவல் இலக்கியம்' 1968இல் வெளிவந்தது. அதனை மறுத்து வெங்கட் சாமிநாதன் 'மார்க்ஸின் கல்லறையிலிருந்து ஒரு குரல்' என்ற நீண்ட கட்டுரையை எழுதினார், எம். ஏ. நுஃமான் மார்க்சிய நோக்கில் நின்று அதற்கு விரிவான மறுமொழி அளித்தார். கலைஞனின் தனித்துவத்தைச் சமூகக் காரணிகளுள் கரைத்துவிடலாகாது என்பது ஒரு தரப்பு; சமூகத்திலிருந்து பிரித்தெடுத்த தனித்துவம் வெறும் மாயை என்பது மறுதரப்பு. இவ்வாதத்தின் கோட்பாட்டுப் பெறுமதியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் இரு தரப்பாரும் தத்தம் ஏடுகளை எவ்வாறு நடத்தினர் என்று பார்க்கும்போது எதிர்பாராத ஒற்றுமை தோன்றுகிறது.

முற்போக்கு அணியின் தூணாக விளங்கிய டொமினிக் ஜீவா 1966இல் 'மல்லிகை'யைத் தொடங்கினார். யாழ்ப்பாணத்தில் சிகையலங்காரத் தொழில் செய்துகொண்டே, ஏட்டைத் தாமே சுமந்து தெருத்தெருவாக விற்றார். திருவல்லிக்கேணியில் செல்லப்பாவின் தோளில் தொங்கிய பையும், கஸ்தூரியார் வீதியில் ஜீவாவின் கையிலிருந்த கட்டும் ஒரே பொருளியலைச் சேர்ந்தவை. 'பஞ்சமர்' எழுதிய கே. டானியல் தம் வாழ்வை உழைப்பிலும் இயக்கப் பணியிலும் கழித்து, 1986இல் தஞ்சாவூரில் காலமானார். ஈழத்தின் முதன்மையான முற்போக்கு நாவலாசிரியரும், ஈழத்திலே பிறந்து 'உருவவாதி' எனப் பழிக்கப்பட்ட கவிஞரும் தமிழ்நாட்டு மண்ணிலேயே அடக்கமாகியுள்ளனர். கோட்பாட்டு வரைபடத்தில் எதிரெதிரே நின்ற இவர்களை, வாழ்க்கை வரைபடத்தில் பிரித்துக் காட்டுவது கடினம்.

இரு அணிகளுக்கும் அப்பால் நின்று, இரண்டையும் எதிர்த்தவர் புங்குடுதீவின் மு. தளையசிங்கம் (1935-1973). 'ஏழாண்டு இலக்கிய வளர்ச்சி'யில் முற்போக்கினரை விமர்சித்தவரும், 'போர்ப்பறை'யிலும் 'மெய்யு'ளிலும் கலையின் புதிய வடிவங்களைத் தேடியவருமான அவர், ஒடுக்கப்பட்ட மக்கள் கோயிற் கிணற்றிலே தண்ணீர் எடுக்கும் உரிமைக்காகப் போராடிப் பொலிசாரால் தாக்கப்பட்டார். அதன்பின் உடல்நலம் குன்றி 38 வயதிற்குள் இறந்தார். ஆன்மீகம் பேசுவோர் சமூகப் போராட்டத்துக்கு உதவார் என்ற சூத்திரத்தை இவ்வாழ்வு தகர்க்கிறது. அவருடைய வட்டத்தில் வளர்ந்த கவிஞர் சு. வில்வரத்தினம், போரினால் ஊர் வெறுமையானபோது 'காற்றுவெளிக் கிராம'த்தைப் பாடினார். பிற்காலத்தில் திருக்கோணமலையில் வாழ்ந்து, 2006இல் மறைந்தார். பிரமிள் நீங்கிச் சென்ற நகரத்துக்கு, முப்பதாண்டுகள் கழியுமுன்னர், இன்னொரு மறுப்பாளர் வந்துசேர்ந்தார் என்பது இக்குடாவின் இலக்கிய வரலாற்றில் குறிக்கத்தக்கது.

தென்கரை பற்றியும் கூறவேண்டும். மூதூரின் வ. அ. இராசரத்தினம் (1925-2001) ஆசிரியராக வாழ்ந்து, கொட்டியாரப் பற்றின் மீனவரையும் உழவரையும் எழுதியவர். 'தோணி' என்ற அவரது சிறுகதைத் தொகுதி 1962ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய மண்டலப் பரிசைப் பெற்றது. சிவராம் சென்னை ஏட்டிலே உலகக் கவிதையோடு உரையாடிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், கடலுக்கு மறுகரையில் இவர் ஓர் ஏழைச் சிறுவன் தோணிக்கு ஏங்குவதை எழுதினார். இருவருள் ஒருவர் ஊரை விட்டகன்றார். மற்றவர் ஊரோடு இருந்து 'ஒரு வெண்மணற் கிராமம் காத்துக்கொண்டிருக்கிறது' என்று அதன் கதையைச் சொன்னார். இவரை மண்வாசனை என்ற பெட்டிக்குள்ளும் அவரை அந்நியமாதல் என்ற பெட்டிக்குள்ளும் அடைத்துவிட்டு, இரண்டுக்குமிடையிற் கடல் இருப்பதாக நாம் பாடம் நடத்தி வந்துள்ளோம். லோஞ்சிலே ஒரு மணித்தியாலம் அளவே ஆகும் கடல் அது.

இயக்கத்தின் எச்சம் யாது? புதுக்கவிதை இன்று எல்லோருக்கும் பொதுவாகிவிட்டது. அதனை எச்சமெனக் காட்டத் தேவையில்லை. நாம் முதன்மையாகக் கருதுவது வேறு. சென்னையில் 1970இல் 'கசடதபற' ஏட்டைத் தொடங்கிய குழுவிலிருந்தவர் எஸ். ராமகிருஷ்ணன். அவர் பின்னர் நிறுவிய 'க்ரியா' பதிப்பகம் 1984இல் நுஃமானும் அ. யேசுராசாவும் தொகுத்த 'பதினொரு ஈழத்துக் கவிஞர்கள்' நூலை வெளியிட்டது. மறு ஆண்டு ஈழத்தில் வெளிவந்த 'மரணத்துள் வாழ்வோம்' தொகுதி, போர்க்காலக் கவிதையைத் தமிழுலகெங்கும் கொண்டுசென்றது. சமூகப் பிரச்சினைகளுக்கு முகங்கொடுக்காத தூய கலைவாதிகள் என்று நாம் கண்டித்த வட்டத்தில் உருவான பதிப்பகம், வெங்கட் சாமிநாதனை மறுத்த அதே நுஃமானின் கையிலிருந்து, நம்முடைய அரசியற் கவிதையை ஏற்று அச்சிட்டது. படிமமும் பேச்சோசையும் யாப்பின்மையும் அக்கவிதைகளுக்குக் கருவியாக இருந்தன. சிறு தொகையில் அச்சிட்டுக் கைமாற்றும் வழி அவற்றின் பாதையாக இருந்தது. தணிக்கையும் ஊரடங்கும் நிலவிய காலத்தில் பேரேடுகள் வாய்மூடியிருந்தபோது அந்த வழியே எஞ்சியது. சந்தையை மறுப்பதற்காக வகுக்கப்பட்ட முறை அடக்குமுறையைக் கடப்பதற்கும் உதவிற்று.

அம்முறைக்கு ஒரு பலவீனமும் உண்டு. நூற்றுக்கணக்கில் மட்டும் அச்சான ஏடு நூலகங்களில் அரிதாகவே சேரும். வாசகரின் வீட்டு அலுமாரியிலேயே தங்கும். வீடு எரிந்தால் ஏடும் எரியும். யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிக்கப்பட்டபோது அழிந்தவற்றை உலகம் அறியும். கொட்டியாரப் பற்றின் வீடுகளில் அழிந்தவற்றுக்கு அட்டவணை இல்லை. 1985இல் கிளிவெட்டி வன்செயலைக் கண்டது. 1996இல் அதன் அயலிலுள்ள குமாரபுரத்தில் பொதுமக்கள் படுகொலை செய்யப்பட்டனர். 2006இல் சம்பூரிலிருந்து விரட்டப்பட்ட குடும்பங்கள் பல கிளிவெட்டியின் இடைத்தங்கல் முகாமிலே ஒன்பது ஆண்டுகளளவு காத்திருந்தன. அரிசியையும் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு ஓடுவோர் பழைய சஞ்சிகைக் கட்டைத் தூக்குவதில்லை.

2005இல் தொடங்கப்பட்ட நூலகம் திட்டம் ஈழத்துச் சஞ்சிகைகளை மின்வடிவிற் பேணி வருவதும், சென்னையின் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் தமிழ்நாட்டு ஏடுகளைக் காத்து வருவதும் போற்றத்தக்கன. ஆயினும் இவற்றுக்குச் செல்வது பெரும்பாலும் யாரோ ஒருவர் பேணிவைத்த பிரதியே. திருக்கோணமலை மாவட்டத்தில் 1950 முதல் 1990 வரை வெளிவந்த சிறு ஏடுகள், கையெழுத்துப் பிரதிகள், 'எழுத்து' முதலிய ஏடுகளின் ஆசிரியர்களோடு இங்குள்ளோர் நடத்திய கடிதத் தொடர்புகள் ஆகியவற்றைத் தேடித் தொகுக்கும் பணி தமிழ்த்துறை மாணவரின் ஆய்வேடுகளுக்குத் தக்க பொருளாகும். நகரத்தின் பழைய வீடுகளோடு அதனை நிறுத்திவிடாது, மூதூர், சேனையூர், கட்டைபறிச்சான், ஈச்சந்தீவு, கிளிவெட்டி ஆகிய ஊர்களின் ஓய்வுபெற்ற ஆசிரியர்களிடமிருந்து தொடங்குதல் நலம். அவர்களுள் எண்பதைக் கடந்தவர்களும் உள்ளனர்.